டோக்கன் வாங்காமல் கொடுத்த அட்டை

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, எதிர்வீட்டு சுமதி வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, உங்க மாமனாரோட கால் மாத்திரை ஏதாவது மிச்சம் இருக்கா? எங்கம்மாவுக்கும் அதே மாதிரிதான். கொஞ்ச தூரம் நடந்தா கெண்டைக்கால் பிடிச்சு இழுக்குது, நின்னா சரியாயிடுது. இருந்தா நாலு நாள் குடுத்துப் பாக்கலாம்னு."

ஓர் அட்டை இருந்தது. பிரிக்காத அட்டை. யாருக்காவது பயன்படட்டும் என்று எடுக்கத்தான் போனேன். அலமாரிக் கதவைத் திறந்ததும், உள்பக்க ஆணியில் தொங்கும் உங்கள் பித்தளை டோக்கன் மரத்தில் மோதி டக்கென்று ஓசை எழுப்பியது. நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

மாமா, நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. உங்கள் சட்டைகளைக் கொடுத்துவிட்டோம், கட்டிலைக் கூட மாற்றிவிட்டோம். அந்த அலமாரியை மட்டும் நான் கலைக்கவில்லை. கதவின் உள்பக்கம் மூன்று ஆணிகள். மேலே 'காலை', 'மாலை' என்று நீங்கள் பெயின்ட்டால் எழுதிய இரண்டு. கீழே எதுவும் எழுதாமல், உதிரியாக ஒன்று. உங்கள் டோக்கனில் உங்கள் வேலை எண் 214 அடித்திருக்கும். ஆவடித் தொழிற்சாலையின் டூல் ரூமில் முப்பது வருடம் ஜன்னலுக்கு உள்பக்கம் நின்றவர் நீங்கள். கருவி கேட்டு வருகிறவன் தன் எண் போட்ட டோக்கனைத் தர வேண்டும். கருவி இருந்த இடத்தில் நீங்கள் அந்த டோக்கனை மாட்டுவீர்கள். திரும்பக் கொடுத்தால் டோக்கன் கைக்கு வரும். "ஃபோர்மேனே வந்தாலும் டோக்கன் இல்லாம ஒரு ஸ்பேனர் வெளிய போகாது" என்று நீங்கள் சொல்லும்போது முகத்தில் ஒரு மிடுக்கு வரும்.

உங்கள் கால் வலியை நான் கண்டுபிடித்த விதம் உங்களுக்குத் தெரியாது. ஒரு மாலை அம்பத்தூர் ஆபீஸிலிருந்து ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தேன். கோயில் பக்கம் போகும் சாலையில், சுவரில் ஒட்டிய சினிமா போஸ்டரை நீங்கள் நின்று படித்துக்கொண்டிருந்தீர்கள். சினிமாவே பார்க்காத மனிதர். மறுநாளும் அதே இடம், அதே போஸ்டர். மூன்றாம் நாள் இஸ்திரி வண்டிக்காரரிடம் பேசிக்கொண்டு நின்றீர்கள். அவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார், நீங்கள்தான் பேசினீர்கள். உங்கள் நண்பர் ஏகாம்பரம் வீட்டுக்குப் போகும் பத்து நிமிட வழியில் இஸ்திரி வண்டி, டிரான்ஸ்பார்மர், போஸ்டர் சுவர் என்று மூன்று இடங்களில் நீங்கள் நிற்கிறீர்கள் என்பது பிறகு புரிந்தது. வலிக்கிறது என்று சொல்ல வெட்கம்.

ஏகாம்பரத்தைப் பார்க்காமல் உங்களால் ஒரு நாள் இருக்க முடியாது. லேத் மெஷினில் வேலை பார்த்தவர். ஜன்னலுக்கு வெளியே முப்பது வருடம் நின்றவர். ஓய்வுக்குப் பிறகு இருவரும் திருவேற்காட்டிலேயே வந்து சேர்ந்தீர்கள். அத்தையும் இல்லை, உங்கள் மகனுக்கோ புனேவில் வேலை. நானோ அதிகம் பேசத் தெரியாத மருமகள். அந்தப் பத்து நிமிட நடை நின்றுபோனால் உங்களுக்கு என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பார்த்துதான் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன்.

டாக்டர் கையில் பிரஷர் பார்த்துவிட்டு, கணுக்காலிலும் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். "கால்ல கூட பிரஷர் பாப்பாங்களாம்மா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டீர்கள். காலுக்குப் போகும் ரத்தக்குழாய் குறுகியிருக்கிறது என்றார். பீடியை விட்டாயிற்றா என்று கேட்டார். "விட்டு மூணு வருசம் ஆச்சு" என்றீர்கள், என்னைப் பார்க்காமல். விட்டது மட்டும் அடுத்த நாளிலிருந்து உண்மையாயிற்று.

மாத்திரை எழுதுவதற்கு முன் அவர் கேட்ட கேள்விகள் எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கின்றன. "இதயம் பலவீனமா இருக்குன்னு யாராவது சொல்லியிருக்காங்களா? படுத்தா மூச்சு வாங்குதா? சாயங்காலம் பாதம் வீங்குதா?" இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகே பேனாவைத் திறந்தார். நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் பையோடு கொண்டுவரச் சொன்னார். நெஞ்செரிச்சலுக்கு நீங்களாகவே கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த மாத்திரை இதோடு சேராது என்று மாற்றிக் கொடுத்தார். காலையும் மாலையும் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளை இரண்டாகப் போடக் கூடாது. படபடப்போ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே வர வேண்டும். வலி வரும்வரை தினமும் நடக்க வேண்டும், வந்தால் நின்று, விட்டதும் மறுபடி நடக்க வேண்டும். "பலன் தெரிய சில வாரம் ஆகும். பொறுமையா இருங்க."

வீட்டுக்கு வந்ததும் சுத்தியலை எடுத்தீர்கள். காலை மாத்திரை போட்டதும் டோக்கன் காலை ஆணிக்குப் போகும், மாலை போட்டதும் மாலை ஆணிக்கு. போட்டோமா இல்லையா என்ற சந்தேகமே வராது. நான் உள்ளுக்குள் சிரித்தேன். கிழமை போட்ட பிளாஸ்டிக் மாத்திரை டப்பா கடையில் கிடைக்கிறதே என்று நினைத்தேன்.

நான் புள்ளியியல் படித்தவள். எதையும் லேசில் நம்ப மாட்டேன், மாத்திரைகளை இன்னும் லேசில் நம்ப மாட்டேன். முதல் வாரம் உங்களுக்குத் தலைவலி வந்தது. டாக்டருக்குப் போன் செய்தோம், தானாக அடங்கும் என்றார், அடங்கியது. மூன்றாம் வாரமும் இஸ்திரி வண்டியிடம் நின்றீர்கள். பெட்டிக்குள் இருந்த காகிதத்தை விரித்து, அதிலிருந்த பக்கவிளைவுகளையெல்லாம் உங்களுக்கு வாசித்துக் காட்டினேன். "மூணு வாரம் ஆச்சு மாமா. ஒரு மாத்தமும் இல்ல. நிறுத்திடலாம்."

நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். "லேத்துல மாட்டி ஓடிட்டிருக்கிற இரும்பு ஜாப்ப வேடிக்க பாக்கறவன் சொன்னான்னு இறக்க மாட்டாங்கம்மா. ஏத்துனவரைக் கேட்டுக்கலாம்." கேட்டீர்கள். டாக்டர் தொடரச் சொன்னார். வேடிக்கை பார்க்கிறவள் நான்தான் என்பது எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது.

ஆறாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை, அடுத்த மாதத்துக்கு வாங்குவதற்காக அலமாரியைத் திறந்தேன். இரண்டு அட்டை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. டோக்கன் சரியாகக் காலை ஆணியில் தொங்கியது. அதற்கு முன்னும் ஒவ்வொரு வேளையும் அது சரியான ஆணியில் இருந்ததை நானே பார்த்திருந்தேன்.

"மாமா, ரெண்டு ரெண்டா போடறீங்களா?"

"சேச்சே."

"அப்ப ஒரு அட்டை எங்க?"

நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். "வெளிய போயிருக்கு. ஏகாம்பரத்துக்கு. அவனுக்கும் இதே வலிதான். நேத்து குடுத்தேன்." பிறகு தொண்டைக்குள்ளேயே, "டோக்கன் வாங்காம" என்றீர்கள்.

எனக்கு நினைவுக்கு வந்தவை ஏகாம்பரத்தின் கால்கள். மாலையில் செருப்புக்குள் நுழையாத பாதங்கள். மூன்று தலையணை வைத்துத்தான் படுப்பேன் என்று அவர் பெருமையாகச் சொன்னது. இதயத்துக்கு அவர் வேறொரு மருத்துவமனையில் மாத்திரை வாங்குவது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

சொன்னேன். உங்கள் முகம் வெளுத்தது. போன் அடித்தோம், எடுக்கவில்லை. ஸ்கூட்டரை எடுக்கக் கீழே ஓடினால், எங்கள் அடுக்குமாடிக் கேட்டை அடைத்துக்கொண்டு தண்ணீர் லாரி நிற்கிறது, தரைக்கடியில் இருக்கும் சம்ப் தொட்டிக்குள் குழாய் விட்டிருந்தார்கள். டிரைவர் டீக்கடைக்குப் போய்விட்டார். நீங்கள் லாரிக்கும் சுவருக்கும் நடுவில் பக்கவாட்டாக நுழைந்து வெளியேறி நடக்க ஆரம்பித்தீர்கள். நான் பின்னால் வந்தேன். வழி முழுக்க உங்களைத் திட்டிக்கொண்டு வந்தேன் என்பதும் நினைவிருக்கிறது. "படிச்சுப் படிச்சுச் சொன்னாரே டாக்டர். இது என்ன ஸ்பேனரா, ஆளுக்கு ஆள் குடுக்க?"

ஏகாம்பரம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நெற்றியில் வேர்வை.

"இன்னா அண்ணாத்தே, மருமவளையும் இட்டுகினு வந்துட்ட? ஊட்ல காத்தால நாஸ்டா போடலியா?"

"மாத்திரை போட்டியாடா?"

"போட்டேனே. நேத்து ராவுல ஒண்ணு, காத்தால ஒண்ணு. நெஞ்சு படபடன்னு அட்சிக்கினு கீது. மருந்து வேலய காட்டுது போல."

நீங்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். நான் ஆட்டோ பிடித்தேன். அட்டையையும் எடுத்துக்கொண்டு, அவருடைய இதய மருத்துவரிடமே போனோம். அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவருக்கு இது கூடவே கூடாது. யார் குடுத்தா?" என்று கேட்டார். "நான்தான் சார்" என்று நீங்கள் எழுந்து நின்றீர்கள், மேலதிகாரி முன்னால் நிற்பது போல. ஒரு நாள் வைத்துப் பார்த்தார்கள். சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். கால் வலிக்கு அவர் இதயத்துக்கு ஒத்துவருகிற வேறு வழி பார்ப்பதாகவும் சொன்னார்கள்.

அன்று மருத்துவமனைப் படுக்கையில் ஒயர்களோடு படுத்திருந்த ஏகாம்பரம்தான் முதலில் கேட்டார். "ஆமா, வண்டி இல்லாமயா வந்த? எத்தினி எடத்துல நின்ன?"

நீங்கள் யோசித்தீர்கள். "போஸ்டர் கிட்ட மட்டும்."

இஸ்திரி வண்டியைத் தாண்டியது எனக்குத் தெரியவில்லை, மாமா. டிரான்ஸ்பார்மரைத் தாண்டியதும் தெரியவில்லை. எல்லாவற்றையும் அளந்து பார்க்க வேண்டும் என்று சொல்கிறவள், ஆறு வாரத்தில் அளக்க வேண்டிய ஒரே நாளில் உங்களைத் திட்டிக்கொண்டு வந்தேன். ஒரே ஒரு நடை எதையும் நிரூபிக்காது என்று அப்போதும் மனதுக்குள் வாதாடினேன். அடுத்த மாதம் நீங்கள் எங்கும் நிற்காமல் அவர் வீட்டுக்குப் போனபோது வாதத்தை விட்டுவிட்டேன். உங்களிடம் சொல்லத்தான் இல்லை.

மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு இரண்டு நாள் நான் உங்களோடு பேசவில்லை. இரண்டாம் நாள் மாலை டோக்கனைச் சாப்பாட்டு மேசையில் என் முன்னால் வைத்தீர்கள். "நீயே வச்சுக்கம்மா. ஸ்டோர்காரன் தப்பு பண்ணா சாவிய வாங்கிடுவாங்க." உங்கள் விரல் அதை விடாமல் தொட்டுக்கொண்டே இருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "மணி ஏழாச்சு. ஏழரைக்குச் சாப்பாடு. மாத்திரை போட்டுட்டு நீங்களே மாட்டுங்க" என்றேன். அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிந்தது. தெரியாமல் கொடுத்தவர் நீங்கள் என்றால், தெரியாமல் நிறுத்தச் சொன்னவள் நான். இரண்டும் ஒரே தப்புதான். இதை அன்றே சொல்லியிருக்கலாம்.

அந்த வாரக் கடைசியில் ஏகாம்பரம் வந்தார். லிஃப்டில் ஏறி, மெதுவாக வந்து, நேராக அலமாரிக்குப் போனார். பாக்கெட்டிலிருந்து தன் பழைய டோக்கனை எடுத்தார். எழுதாத மூன்றாவது ஆணியில் மாட்டினார்.

"நீ குட்த்த அட்டைக்கு இது. முப்பது வர்சத்துல டோக்கன் இல்லாம ஒரு பொருள் குட்த்தியே, அத நெனச்சாதான்யா எனக்கு நெஞ்சு அட்சிக்கிது."

நீங்கள் சிரிக்க ஆரம்பித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றீர்கள்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் நடந்தீர்கள். மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் நுரையீரலில் இறங்கியதே தவிர, கால்கள் கடைசிவரை உங்களைக் கைவிடவில்லை. இப்போது ஏகாம்பரம்தான் வருகிறார். காலையில் எங்கள் கேட் வரை நடந்து, இஸ்திரி வண்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, வண்டிக்காரரை வேலை செய்ய விடாமல் பேசிவிட்டுப் போகிறார்.

சுமதிக்கு நான் அட்டையைக் கொடுக்கவில்லை. டாக்டர் உங்களைக் கேட்ட கேள்விகளை அவளிடம் கேட்டேன். அம்மாவுக்கு இதயத்தில் ஏதாவது? படுத்தால் மூச்சு வாங்குமா? வேறு என்ன மாத்திரை? "தெரியாதுக்கா" என்றாள். "தெரிஞ்சுக்கிட்டு வரலாம்" என்று அன்றைக்கே மூவரும் போனோம். கணுக்காலில் பட்டை சுற்றியபோது அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வை உங்கள் பார்வைதான். அவருக்குச் சர்க்கரையும் இருக்கிறது, அது அன்றுதான் தெரிந்தது. மருந்து வேறு, நடை மட்டும் உங்களுடையதே. உங்கள் மிச்ச அட்டையை மருத்துவமனை மருந்தகத்தில் ஒப்படைத்தேன், அழித்துவிடுவதாகச் சொன்னார்கள்.

சுமதி காலையில் சீக்கிரமே வேலைக்குக் கிளம்பிவிடுகிறாள். மாத்திரை போட்டோமா இல்லையா என்பதை அம்மா மறந்துபோகிறார் என்றாள். அவர்கள் வீட்டு அலமாரியில் இரண்டு ஆணி அடித்துக் கொடுத்தேன். ஒன்று கோணல். உங்கள் 214 டோக்கனைக் கழற்றி அந்த அம்மாளிடம் கொடுத்தேன். அன்று மாலையே சுமதி ஒரு சாவியோடு வந்தாள். "அம்மா தனியா இருக்காங்க, இது உங்ககிட்ட இருக்கட்டும் அக்கா." பத்து வருடமாக எதிர்வீடு. காபிப்பொடி கூட நான் கடன் வாங்கியதில்லை.

இன்று காலை பால்கனியிலிருந்து பார்த்தேன். அந்த அம்மாள் இஸ்திரி வண்டி வரை வந்து, நின்று, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பினார். ஏகாம்பரம் குரல் மேலே வரை கேட்டது.

"நில்லுமா, நில்லு. வெக்கப்படாத. வலி வுட்டதும் நட. போஸ்டர் படிக்கறாப்ல நடிக்கறதெல்லாம் தேவயில்ல. அதுக்குன்னு ஒருத்தர் இருந்தாரு."

உள்ளே வந்து அலமாரியைத் திறந்தேன். ஏகாம்பரத்தின் டோக்கன் அதன் ஆணியில் இருக்கிறது. உங்களுடையது தொங்கிய ஆணியில் இப்போது எதிர்வீட்டுச் சாவி. கணக்கு சரியாக இருக்கிறது, மாமா. 214 வெளியே போயிருக்கிறது. வேலையில் இருக்கிறது.