மூவரில் ஒருத்தி

அன்புள்ள அக்கா,

குவைத்தில் வெயில் எப்படி? வட்டகொடையில் மழை விடவில்லை. போனில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன்.

எங்கள் ஆய்வுகூடத்தில் புதிய காசநோய்ப் பரிசோதனை ஒன்றைச் சரிபார்த்தோம். இருமலோடு வந்த ஒவ்வொருவர் சளியையும் இங்கே புதிய முறையில் பார்த்துவிட்டு, கண்டியில் உள்ள பெரிய ஆய்வுகூடத்துக்கும் அனுப்பினோம். அங்கே கிருமியை வளர்த்துப் பார்ப்பார்கள். எட்டு வாரம் ஆகும், ஆனால் அதுதான் முடிவானது.

நேற்று முடிவுகள் வந்தன. நோயுள்ளவர்கள் முப்பது பேர். புதிய பரிசோதனை அவர்களில் இருபத்தேழு பேரைக் கண்டுபிடித்திருந்தது.

"பரவாயில்ல, நல்ல டெஸ்ட்தான்" என்றார் டொக்டர். நானும் அப்படித்தான் அறிக்கையில் எழுதினேன்.

பரிசோதனை தவறவிட்ட மூவரில் ஒருத்தி உன் மகள்.

நிலக்ஷிக்கு ஒன்றுமில்லை என்று உன்னிடம் சொன்னது நான்தான். பிறகும் அவள் இருமினாள். பள்ளிக்கூடம் போக முடியவில்லை என்றாள். "டெஸ்டுல ஒன்னுமில்ல, நடிக்காத" என்று அனுப்பிவைத்தேன். என் பேச்சைக் கேட்டு நீயும் ஏசினாய். நான்கு கிலோ மெலிந்திருக்கிறாள்.

இன்று காலை மருந்து தொடங்கிவிட்டோம். ஆறு மாதம் விடாமல் குடித்தால் குணமாகிவிடும்.

விஷயத்தைச் சொன்னபோது நிலக்ஷி அழவில்லை. "அப்ப நான் நடிக்கலதானே சித்தி?" என்று மட்டும் கேட்டாள். முதல் மாத்திரையை அவள் விழுங்கும்வரை பக்கத்தில் நின்றேன்.

இதைப் படித்ததும் என்னைக் கூப்பிடாதே. முதலில் அவளைக் கூப்பிடு.

உன் தங்கை