தொட்டி ஓரத்து வெள்ளைப் பூ

ரோமெட்,

பார்லி சூப் அடுப்புல இருக்கு, சூடு பண்ணிக் குடி. மாதா திருநாள் மூலிகைக் கொத்தை மந்திரிச்சு வாங்கக் கோயிலுக்குப் போறேன்.

என் கருஞ்சிவப்பு அஸ்திரான்ஷியா பூப்பாத்தியில தானா முளைச்ச வெள்ளைப்பூச் செடிகளை, ரகம் கெட்டுடும்னு பிடுங்கிப் போட்டியே! விதையில வர்றது தாய்ச்செடி நிறத்துலதான் வரணுமா? நம்ம பொண்ணு என்னை மாதிரியா இருக்கா? அதான் மூணு நாளா உன்கூடப் பேசலை.

இன்னிக்கு விடியக்காலையில தோட்டமே மூடுபனியில மிதந்துச்சு. தண்ணித் தொட்டி ஓரமா நட்சத்திரம் மாதிரி ஒரு வெள்ளைப் பூ. கனவுன்னுதான் நினைச்சேன். பக்கத்துல ஈரமண்ணுல உன் பூட்ஸ் தடம்.

அந்தப் பூவைக் கிள்ளிக் கொத்துக்கு நடுவுல வச்சுட்டேன். பூவை எடுத்தாத்தான் செடி வேர் பிடிக்கும்.

நொட்புர்கா

பி.கு.: நட்டவன்தான் தண்ணி ஊத்தணும். வந்ததும் பேசறேன். முதல்ல திட்டுவேன்.