மாடியில் துணி உலர்த்தும் பெண்

அன்புள்ள சின்னுவுக்கு,

அக்கா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னது மட்டும் அவள் காதில் விழவே இல்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, எடிட்டிங் அறையில் ஏசி குளிருமா, கழுத்தில் துண்டு சுற்றிக்கொள்கிறாயா என்று தினமும் என்னைக் கேட்கிறாள், நான் என்னவோ உன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போல.

லேபில் வேலை மும்முரம். பல் செட்டுகளுக்கு மெழுகு வார்த்து வார்த்து விரல் நுனியெல்லாம் வழவழவென்று ஆகிவிட்டது. முகமே பார்க்காதவர்களுக்குச் சிரிப்பு செய்து கொடுக்கிறேன். டாக்டர்கள் குறை மட்டும் சொல்லி அனுப்புகிறார்கள்.

உன் கடிதம் போன திங்கட்கிழமை வந்தது. படம் பார்த்துவிட்டு மழுப்பாமல் எழுது என்று கேட்டிருந்தாய். நான்கு நாளாக எழுதிக் கிழித்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இதையாவது கிழிக்காமல் அனுப்பிவிட வேண்டும்.

சனிக்கிழமை மதியக் காட்சிக்கு நம் சினிமா கோஷ்டி முழுவதும் போனோம். கண்ணாடிக்கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்தார். பேங்க் கேஷியர் அக்கா புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வந்தாள். படம் முடிந்ததும் வழக்கம்போல் கண்ணாடிக்கடையில் கூடினோம். உனக்குத்தான் தெரியுமே, இருபது வருடமாக அந்தக் கடையில் உன் டைரக்டரைத் தூக்கிப் பிடித்தவள் நான் ஒருத்திதான். பஸ் நிறுத்தத்தில் ஒருவன் ஏழு நிமிடம் சும்மா நிற்கும் காட்சிக்காக எத்தனை சண்டை! "பஸ் வந்திருந்தா படம் முடிஞ்சிருக்கும், அதான் ஆளு வரவிடலை" என்று கண்ணாடிக்கடைக்காரர் சொல்ல, எல்லோரும் சிரிக்க, நான் மட்டும் அது காத்திருப்பைப் பற்றிய படம் என்று தொண்டை வறளக் கத்துவேன். நீ பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, அவர் மனிதர்களைத் தூரத்து மரங்களைப் பார்ப்பது போலப் பார்க்கிறார் என்பாய். உன்னை அந்தப் படங்களுக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனவளே நான்தான். அப்போது உனக்கு வயது பன்னிரண்டு. பாதி படத்தில் தூங்கிவிடுவாய்.

இந்தச் சனிக்கிழமை எல்லாம் தலைகீழாகிவிட்டது. கண்ணாடிக்கடைக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "இருபது வருஷமா இந்த ஆளைத் திட்டினேன். மாடியில துணி காயப்போடற சீன்ல என்னை ஒரேயடியா கவுத்துட்டாரு" என்றார். கேஷியர் அக்கா ஒரு படி மேலே போய், "அழகா எடுப்பாரு, ஆனா யாருக்காகன்னு தெரியாது. இது எனக்காக எடுத்த மாதிரி இருந்துச்சு" என்றாள். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள், ஜெயித்தவளைப் பார்ப்பது போல.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? கேவலமான காட்சி என்றேன். அடுத்த வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதெல்லாம் ஒரு கலையா என்றேன். அவர் விலைபோய்விட்டார், யாரோ கெடுத்துவிட்டார்கள் என்றும் சொன்னேன். கண்ணாடிக்கடைக்காரர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். "என்னம்மா, நீங்களே இப்படிப் பேசறீங்க? எங்க தங்கச்சி வேலை செஞ்ச படம்னு பெருமையா சொல்லுவீங்கன்னு இல்ல நினைச்சேன்" என்றார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ! என் தங்கச்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டு விடுவிடென்று இறங்கி வந்துவிட்டேன். குடையைக்கூட எடுக்கவில்லை.

சம்பந்தம் இல்லையா? ஈரத் துணியை உதறி உதறிக் கொடியில் போட்டுக்கொண்டே, அங்கே இல்லாத ஓர் ஆளிடம் அந்தப் பெண் வாதாடுகிறாள். உதடு மட்டும் அசைகிறது. சுருக்கென்று ஒரு பதில் சொல்லி, எதிராளியின் வாயை அடைத்து, கடைசியில் கைதட்டலை ஏற்றுக்கொள்வது போல லேசாகத் தலையைக் குனிகிறாள். தியேட்டர் கொல்லென்று சிரித்தது. அப்புறம் சத்தமே இல்லை. எனக்கு முகமெல்லாம் பற்றி எரிந்தது. உலகத்தில் வேறு யாரும் அதைப் பார்த்ததில்லை என்று நினைத்திருந்தேன். நீ எந்தப் படியில் நின்று பார்த்தாய், சின்னு? எத்தனை நாள் பார்த்தாய்?

சரி, நான் உன்னைக் குற்றம் சொல்லி எழுத உட்காரவில்லை. என் குற்றம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் நான்கு காகிதம் கிழிந்தது.

நீ அந்த டைரக்டரைக் கிழிகிழியென்று கிழித்து ஒரு சினிமாப் பத்திரிகையில் எழுதிய பிறகு அவரிடமிருந்து உனக்குக் கடிதம் வந்ததே, அது தாமதமாக வரவில்லை. சரியான நாளில்தான் வந்தது. உறையின் மூலையில் அவர் பெயரைப் பார்த்ததும், எனக்குத்தான் என்று நினைத்துப் பிரித்துவிட்டேன். இத்தனை வருடத்தில் நான் அவருக்குப் பதினான்கு கடிதம் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு படத்துக்கும் பக்கம் பக்கமாக. ஒரு முறை அச்சடித்த கையெழுத்தோடு ஒரு போட்டோ வந்தது, அவ்வளவுதான். பிரித்தால் உன் பெயர். "என் படங்களை இவ்வளவு கோபமாக, இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்தவர் யாருமில்லை. வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சண்டை போடுங்கள்" என்று எழுதியிருந்தார். நான் நின்றபடியே மூன்று முறை படித்தேன். பிறகு உறையை ஒட்டி, பீரோவில் போர்வைகளுக்கு அடியில் வைத்தேன்.

ஆறு நாள் வைத்திருந்தேன். அந்த ஆறு நாளும் நீ அச்சகத்தில் புரூஃப் திருத்திக் கண் வீங்கி வந்து, இந்த வேலையை விட்டுத் தொலைக்கலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தாய். உனக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே பொறுமையாக இரு என்று நான் புத்தி சொன்னேன். ஏழாம் நாள் ஏன் எடுத்துக் கொடுத்தேன் என்று எனக்கே தெரியாது. நல்ல மனசு என்று மட்டும் நினைத்துவிடாதே. அவர் கடிதத்தில் வரச் சொல்லியிருந்த தேதிக்கு மூன்று நாள்தான் பாக்கி இருந்தது. நீ கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தபால்காரரைக் கண்டபடி திட்டினாய். நானும் சேர்ந்து திட்டினேன். பாவம், அவர் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் சைக்கிளை நிறுத்தி, "தங்கச்சி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்கிறார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் பதில் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா அடம்பிடித்து, நொண்டிக்கொண்டே என்னோடு படத்துக்கு வந்தாள். விளக்கு அணைந்ததும் தூங்கிவிட்டாள். எப்படித்தான் விழித்தாளோ, சரியாக அந்தத் துணிக் காட்சியில் கண்ணைத் திறந்து, "ஏய், இது நீதானேடி!" என்று தியேட்டரே கேட்கும்படி சொன்னாள். முன் வரிசையில் நாலு தலை திரும்பியது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து இருமலாகிப் போனது.

அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தேன். கேமரா அவளைக் கேலி செய்யவில்லை. அவள் கடைசித் துணியைக் கொடியில் போடும்வரை அவசரப்படாமல் பக்கத்திலேயே நிற்கிறது. அவருடைய பழைய படமாக இருந்தால் எதிர்வீட்டு மாடியிலிருந்து எடுத்திருப்பார். அவள் ஒரு புள்ளியாகத் தெரிந்திருப்பாள், நான் அதையும் பிரமாதம் என்று வாதாடியிருப்பேன். நீ சொன்னதுதான் சரி, சின்னு. இத்தனை வருடம் அந்தக் கடையில் எதைக் காப்பாற்றக் கத்தினேன் என்று இப்போது புரியவில்லை. அவர் உன்னைக் கூப்பிட்டார் என்பதைக்கூட எப்படியோ விழுங்கிவிட்டேன். நீ சொன்னதைக் கேட்ட பிறகு அவர் படம் நன்றாக வந்துவிட்டதே, அதைத்தான் விழுங்க முடியவில்லை. நேற்று கண்ணாடிக்கடைக்குப் போய் இதைச் சொன்னேன். கடைக்காரர் எனக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

உன் கடிதத்தின் பின்பக்கத்தில், சார் அந்தக் காட்சிக்குக் காரணமான அக்காவைப் பார்க்க வேண்டும் என்கிறார், டிக்கெட் அனுப்புகிறேன், வா என்று எழுதியிருந்தாய். அனுப்பாதே. பதினான்கு கடிதம் எழுதியவளாக அவர் முன்னால் நிற்க ஆசைப்பட்டேன். அவர் படத்தில் துணி உலர்த்துகிறவளாகப் போய் நிற்க இன்னும் மனம் வரவில்லை. ஒருநாள் வரலாம். இப்போது நீ வா. நான்கு நாள் லீவு கேட்டு வா. இங்கே படம் ஓடும்போதே வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முறை பார். நடுவில் நான் எழுந்து போனால் பின்னால் வராதே, திரும்பி வருவேன். போர்வைக்கு அடியில் வைத்த கடிதத்துக்காக என்னோடு சண்டை போட வேண்டுமென்றால், அதையும் நேரில் வந்து போடு. போனில் வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். இன்னும் நிறைய படம் செய். ஒவ்வொன்றையும் பார்த்து என் வயிறு எரியும். எரிந்தால் எரியட்டும், நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் வரவை எதிர்பார்த்து,
அக்கா