மூன்று தடவை பூசினேன்

பினாங்கு,
12.8.1983

அன்புத் தங்கைக்கு,

அருந்ததிக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். உன் பிள்ளைக்குக் காய்ச்சலே வரவில்லை.

அவளுக்கு வந்தது சொறிசிரங்கு. டாக்டர் ஒரு லோஷன் எழுதிக் கொடுத்து, கழுத்துக்குக் கீழே ஒரே ஒரு தடவை பூசி, எட்டு மணி நேரத்தில் கழுவிவிடச் சொன்னார். கழுவிய பிறகும் அவள் சொறிந்தாள். நீ லண்டனில் நர்ஸ் படிப்பை முடித்து வரும்போது பிள்ளையைப் புண்ணோடா காட்டுவது? வெந்நீரில் குளிப்பாட்டி, அடுத்த இரண்டு நாளும் பூசினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவளுக்குக் கண் செருகி, கை கால் இழுத்தது.

ஆஸ்பத்திரியில், "எத்தனை தடவை பூசினீங்க?" என்று கேட்டார்கள்.

"ஒரு தடவைதான்."

அதை நம்பி, காக்காய் வலிப்பு என்று மாத்திரை கொடுத்தார்கள். வருஷக்கணக்கில் சாப்பிட வேண்டுமாம். பிள்ளை வகுப்பில் தூங்கி விழுந்தாள். பத்து நாள் என் கையாலேயே கொடுத்தேன்.

நேற்று பக்கத்து வீட்டுக் கேத்தரின், "கெசியான்லா அக்கா, பாவம், இந்தச் சின்ன வயசுல இப்படி ஒரு சீக்கு" என்றாள். அதற்கு மேல் தாங்க முடியவில்லை. லோஷன் பாட்டிலோடு ஆஸ்பத்திரி டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன்.

"அளவுக்கு மேல பூசினா இந்த லோஷனே வலிப்பைக் கொண்டு வந்துடும். மருந்து வேலை செஞ்சாலும் அரிப்பு ரெண்டு மூணு வாரம் இருக்கும்மா. முதல்லயே கேட்டிருக்கலாம்லா" என்றார். மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தப் போகிறார். "பிள்ளையோட அம்மாவுக்குத் தெரியுமா?" என்றும் கேட்டார்.

அவளை இனி யாரிடம் விடுவது என்று நீயே எழுது. மறுப்புச் சொல்ல மாட்டேன்.

இன்று காலை தலை பின்னச் சொல்லி என் மடியில் வந்து உட்கார்ந்தாள். பின்னி, ரிப்பன் கட்டிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

உன் அக்கா