எஞ்சின் சத்தத்துக்குள் ஒரு கிற்றார்

பக்கத்து வளவில் ரிவி பார்க்க எஞ்சினை இழுத்து ஸ்ராட் செய்கிறார்கள். முதலில் நாலைந்து துளி பெற்றோலின் மணம், அதற்குப் பின்னால் கண்ணை எரிக்கும் மண்ணெண்ணெய்ப் புகை. ஜேர்மனியில் இருக்கும் அந்த வீட்டு மகன் அனுப்பிய வீடியோ கசற் ஒன்று எப்படியோ இங்கே வந்து சேர்ந்துவிட்டதாம். பெரிய மைதானம் ஒன்றில் வெள்ளைக்காரர் கிற்றார் அடிக்கும் றொக் கச்சேரி. எங்கள் வீட்டுப் பெடியள் மத்தியானச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். நான் போகவில்லை. மேசையில் இருந்தே கேட்கிறது, கச்சேரியில்லை, எஞ்சின்தான். அதைச் சரியாக ஜன்னலுக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். நீ இருந்திருந்தால் இந்நேரம் மதிலால் பாய்ந்து போய் அவர்களைப் பேசியிருப்பாய்.

உனக்கு எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரியும். களைப்பு மச்சான். கரண்ட் இல்லாமல் போய் எத்தனையோ வருடம். யார் யாரோ மைக்கைப் பிடித்து எங்களுக்காகப் பேசுகிறார்கள். ஒன்றைக் கவனித்திருக்கிறேன்: இந்த ஊரில் மேடையில் பேசுகிறவர்களின் குரல் மட்டும் எப்போதும் துல்லியமாகப் பதிவாகிவிடுகிறது.

நாங்கள் சந்தித்தது ரியூசன் கொட்டிலில். பௌதிகம், ஒலி பற்றிய பாடம். மாஸ்ரர் கரும்பலகையில் அலைநீளத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, நீ பின்வரிசை வாங்கில் எழும்பி நின்று, மைக்கை ஸ்பீக்கருக்குக் கிட்டக் கொண்டுபோனால் ஏன் கூவுது சேர் என்று கேட்டாய். சோதினைக்கு வராது, இரும் என்றார் மாஸ்ரர். நீ இருந்தாய். ஆனால் அன்றைக்கு வகுப்பு முடிந்ததும் சைக்கிளை உருட்டிக்கொண்டே அந்தக் கேள்விக்கான பதிலை நீயே எனக்குச் சொன்னாய். பதில் தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறாய். மாஸ்ரருக்குத் தெரியுமோ என்று பார்க்கத்தான் கேட்டாயாம்.

எங்கள் வீடு கொக்குவிலில், சுற்றிவர மதில், அப்பா கந்தோரில் கிளாக்கர். நீ குருநகர். உன் அப்பாவைக் கடல் எடுத்துவிட்டது, அம்மா சந்தையில் மீன் விற்றார். உங்கள் தேவாலயப் பங்கில் இருந்த இசைக்குழுவில் நீ லீட் கிற்றார் அடித்தாய். அந்த மின்சாரக் கிற்றாரை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழகுவாய், அம்பிளிஃபயர் குழுத் தலைவர் வீட்டிலேயே இருக்கும். கொண்டுவந்தாலும் பயனில்லை, உங்கள் வீட்டுக்குக் கரண்ட் எடுக்கவில்லை. அதனால் உன் அம்மா கேட்டதெல்லாம் வெறும் கம்பி சுரண்டும் சத்தம். நான் வந்திருந்த ஒரு பின்னேரம், மீன்கடகத்தை இறக்கி வைத்துவிட்டு உன்னைப் பார்த்துச் சொன்னார்: "உதுக்கோ சனம் கை தட்டுது? காதுக்குள்ளை நுளம்பு கத்துற மாதிரிக் கிடக்கு."

நீ சிரித்துவிட்டு வாசித்துக்கொண்டே இருந்தாய். மேடைக்கு வந்து கேளுங்கோ என்று நீ கூப்பிடாத நாள் இல்லை. வெள்ளைச் சீலையோடு அங்கே வந்து நின்றால் சனம் என்ன கதைக்கும் என்று அவர் ஒருநாளும் வரவில்லை.

அந்த நாட்களில் கச்சேரி வீடியோ ஒன்று யாழ்ப்பாணத்துக்குள் வந்தால் கைமாறிக் கைமாறி, பிரதியிலிருந்து பிரதி எடுத்து, எங்களிடம் சேரும்போது பாடகனின் முகம் தக்காளிப்பழம் போலக் கரைந்திருக்கும். டெக்கையும் ரிவியையும் வாடகைக்கு எடுத்து, ஆளுக்கு ஆள் நெருக்கியடித்துப் பார்ப்போம். நாங்கள் அந்த வெளிச்சங்களையும் தலைமயிரையும் பார்த்து வாய் பிளந்திருக்க, நீ ரிவியின் ஸ்பீக்கர் பக்கம் காதை வைத்துக்கொண்டு குந்தியிருப்பாய். கிற்றார் தனியாக வரும் இடத்தில் மட்டும் திரும்பிப் பார்ப்பாய். அப்போது பார்த்துக் கமெரா பாடகனின் முகத்தில் நிற்கும்.

"உவன்ரை விரல் எங்கை? வாயை மூடிக்கொண்டு நிக்கிறவனை என்னத்துக்கடா காட்டுறாங்கள்?" என்பாய்.

நல்ல கமெராக்கள் பலவற்றால் பிடித்த, பளபளவென்ற கச்சேரி ஒன்றை எல்லோரும் ஆகா என்று பார்த்தபோது நீ மட்டும் உதட்டைப் பிதுக்கினாய். சத்தத்தைப் பிறகு அறைக்குள் இருந்து திருத்தியிருக்கிறாங்கள், ஒரு பிழைகூட இல்லை, சனம் கத்துறதையும் பிறகுதான் சேர்த்திருக்கிறாங்கள் என்றாய். உனக்குப் பிடித்தது வேறொன்று. யாரோ கூட்டத்துக்குள் நின்று ஒற்றைக் கமெராவால் எடுத்தது. படம் ஆடும், முன்னால் நிற்பவனின் தலை மறைக்கும், ஒருவன் விடாமல் இருமுவான். அதை நீ திரும்பத் திரும்பப் போட்டாய். ஏன் என்று கேட்டதற்கு, "பிழை கேட்டால்தான் அங்கை ஆள் நிக்கிறது தெரியும்" என்றாய். எனக்கு அது அப்போது கதைவிடுவது போலத்தான் இருந்தது.

பிறகு உன்னையே வீடியோ எடுக்கும் நாள் வந்தது. வெடிச்சத்தம் கொஞ்சம் அடங்கியிருந்த ஒரு கோடை. எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாவில் ஒருநாள் உபயம் லண்டனில் இருந்து வந்த ஒருவருடையது. இசைக்குழுவும் அவர் செலவு, வீடியோவும் அவர் செலவு. உனக்கு ஒரே சந்தோசம். சினிமாப் பாட்டுகளுக்கு நடுவில், நீயே கட்டிய ஒரு இசைத் துண்டை, பாட்டில்லாமல் கிற்றாரும் ட்ரம்ஸும் மட்டுமாக அடிக்கக் குழுத் தலைவரிடம் சம்மதம் வாங்கியிருந்தாய். அந்தத் துண்டு ஒழுங்காகப் பதிவாகவேண்டும், அம்மாவுக்குப் போட்டுக் காட்டவேண்டும். மேடைக்கு வராதவரிடம் மேடையைக் கொண்டுபோவதாகச் சொன்னாய்.

அன்று மத்தியானமே வந்துவிட்டாய். ஒலிபெருக்கிக்காரரின் ஜெனரேற்றர் மேடைக்குப் பின்னாலேயே நின்றது. அதை மதிலுக்கு அங்கால் தள்ளுவித்து, சுற்றிவரத் தடி நட்டு, நனைத்த சாக்குகளைத் தொங்கவிட்டாய். ஒலிபெருக்கிக்காரர் பீடியை இழுத்துக்கொண்டு பார்த்திருந்துவிட்டு, "தம்பி மேடைக்கு வாறாரோ, இல்லாட்டி எஞ்சினுக்குக் கலியாணம் செய்து வைக்க வந்தவரோ?" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் சத்தம் பாதியாகக் குறைந்தது. கமெராவின் மைக்குக்கு முதலில் கேட்பது எஞ்சின், அதுக்குப் பிறகுதான் நாங்கள் என்று நீ விளக்கினாய்.

வீடியோக்காரரிடமும் போனாய். கமெராவின் மைக்கை நம்பாமல், மிக்சரில் இருந்து ஒரு வயரை நேரே கமெராவுக்குக் கொடுப்போம், வயர் நானே கொண்டு வந்திருக்கிறேன் என்று பணிவாகத்தான் கேட்டாய். அவர் உன் செருப்பிலிருந்து தலைமயிர்வரை பார்த்தார். "நீர் வாசியும். சத்தத்தை நாங்கள் பிறகு பாத்துக்கொள்ளுவம்," என்றார்.

நீ வாசித்தாய். உன் துண்டு வந்தபோது முன்வரிசைப் பெரியவர்கள் முகத்தைச் சுழித்தார்கள், பின்னால் நின்ற பெடியள் விசிலடித்தார்கள். நான் உன்னைப் பார்த்ததைவிடக் கமெராவைத்தான் அதிகம் பார்த்தேன். அது உபயகாரரின் பட்டுவேட்டியிலும் மனைவியின் நகையிலும் மேய்ந்துவிட்டு, எப்போதாவது உன் பக்கம் திரும்பியது. யாரைப் பிடிக்கவேண்டும் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

மூலக் கசற் லண்டனுக்குப் போனது. ஒரு பிரதி உபயகாரரின் தங்கை வீட்டுக் கண்ணாடி அலுமாரிக்குள் போனது. எத்தனை தரம் போய்க் கேட்டோம்! அந்த அம்மா ஒவ்வொரு முறையும், கண்ட கண்ட டெக்கில் போட்டால் பழுதாகிவிடும் என்றார். உன்னைப் படலைக்கு வெளியே நிற்கவிட்டு என்னோடு மட்டும் கதைப்பார். மூன்றாம் நாலாம் முறைக்குப் பிறகு நீயே என்னைத் தடுத்துவிட்டாய். அதுக்குள்ளை நான் இருக்கிறன்தானே, எங்கையும் ஓடமாட்டன் என்றாய்.

பிறகு சண்டை வந்தது, போனது, திரும்ப வந்தது. கரண்ட் நின்றது. குழு உடைந்தது, ட்ரம்ஸ் அடித்தவன் பிரான்சில். கடலில் தொழில் செய்யத் தடை வந்ததும் நீ கிளாலிக் கடல்நீரேரியில் சனம் ஏற்றும் படகு ஓட்டினாய். பெட்டி படுக்கையோடு அக்கரைக்குப் போய், அங்கிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து வெளிநாடு என்று போகிறவர்களை நீ கொண்டுபோய் விட்டாய். ஒரு பயணத்தில் கடற்படை சுட்டது. உன் படகில் இருந்த சிலர் தப்பினார்கள். அவர்களில் ஒருவர் இப்போது கனடாவில் இருந்து உன்னைப் பற்றி உருக்கமாக எழுதியிருக்கிறார். எழுதட்டும். எனக்கு அதை வாசித்தபோது ஆத்திரம்தான் வந்தது. யாரில் என்று கேட்காதே, ஆள் பிரித்துப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வெளியே வந்தபோது உன் அம்மா என் கையைப் பிடித்தார். "தம்பி, உவன் அடிச்சதை ஒருக்கால் கேக்கவேணும். அந்தக் கசற்றை எடுத்துத் தருவியோ?"

அன்றைக்கே போனேன். அலுமாரி வீட்டு அம்மா கொழும்புக்குப் போகச் சாமான் கட்டிக்கொண்டிருந்தார். நீ செத்ததைக் கேள்விப்பட்டிருந்தார். கசற்றை எடுத்துத் தந்து, திருப்பித் தரவேண்டாம் என்றார். இப்போது பழுதாவது பற்றி அவருக்குக் கவலையில்லை.

டெக், ரிவி, எஞ்சின், மண்ணெண்ணெய் எல்லாம் ஒருமாதிரிச் சேர்த்து, ஒரு பின்னேரம் உங்கள் வீட்டில் போட்டேன். அயலெல்லாம் வந்து குந்திவிட்டது. உன் அம்மா ரிவிக்குக் கிட்ட, கிட்டத்தட்ட நீ குந்தும் இடத்திலேயே இருந்தார். திரையில் பூக்கள் சுழன்றன, உபயகாரர் குடும்பம் வந்தது, கோபுரம் வந்தது. பிறகு மேடை. நீ. மெலிந்து, பெரிய கொலர் வைத்த சேட்டோடு. உன் விரல்கள் கம்பியில் ஓடின. கேட்டது வயலின்களும் புல்லாங்குழலுமாக ஒரு சினிமாப் பாட்டு.

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. எங்கள் வீடியோக்காரர்களின் பழக்கம் உனக்குத் தெரியும். கலியாண வீடென்றாலும் பிள்ளை பெரியவளான சாமத்திய வீடென்றாலும் உண்மைச் சத்தத்தை அழித்துவிட்டு மேலே சினிமாப் பாட்டுப் போடுவார்கள். செத்தவீட்டு வீடியோவில்கூட அழுகிற வாய்களுக்கு மேல் ஒரு சோகப் பாட்டு ஓடும். ஐயர் மந்திரம் சொல்வதும் ஆட்கள் கதைப்பதும் அவர்களுக்கு இரைச்சல். அந்தப் பழக்கத்தில், பாட்டுக் கச்சேரிக்கும் அதையே செய்துவிட்டார்கள். சத்தத்தைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று அந்த மனிதர் சொன்னது இதைத்தான். உபயகாரருக்கும் அது போதுமாக இருந்திருக்கிறது.

அயல் சனம் பாட்டைச் சேர்ந்து முணுமுணுத்தது. நல்ல பிறின்ற் என்று ஒருவர் பாராட்டினார்.

"உவனோ உது வாசிக்கிறது?" என்று உன் அம்மா கேட்டார்.

"இல்லை அம்மா. உது படப்பாட்டு. இவன்ரை சத்தத்தை அழிச்சுப்போட்டாங்கள்."

நிறுத்தப் போனேன். கையைக் காட்டித் தடுத்தார். ஓடட்டும், ஆளையாவது பாப்பம் என்றார். பாட்டுக்கு மேல் பாட்டாக ஓடியது. கமெரா பட்டுவேட்டிக்குப் போவதும் வருவதுமாக இருந்தது.

பாட்டொன்று முடிந்தது. அடுத்த பாட்டைப் போட வீடியோக்காரர் பாட்டுக் கசற்றை மாற்றியிருக்கவேண்டும். அந்த இடைவெளியில் அழிக்க மறந்துபோனார்கள். திடீரென்று அந்தக் கோயில் வீதி திறந்துகொண்டது. தூரத்தில் ஜெனரேற்றரின் உறுமல், ஒரு விசில், யாரோ பிள்ளை அழுகிறது. ஒரு கம்பியை முறுக்கி மேலே ஏற்றும் சத்தம். மைக்கிலிருந்து தள்ளி நின்று உன் குரல்: "அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ. உது இன்னும் சேரேல்லை." பிறகு உன் துண்டின் தொடக்கம். ஒரு சுரம் பிசகியது. நிறுத்தி, திரும்பத் தொடங்கினாய். கிற்றார் அந்த ரிவிப் பெட்டியை அதிரவைத்தது. உடனே அடுத்த சினிமாப் பாட்டு வந்து மூடிவிட்டது.

"உதைத் திருப்பிப் போடு, தம்பி," என்றார் அம்மா. போட்டேன். திரும்பவும் கேட்டார். திரும்பவும் போட்டேன்.

"உவன் பிழையா அடிக்கிறான் என்ன?"

"ஓம் அம்மா. ஒரு இடம் பிசகிப்போச்சு."

"எவ்வளவு சத்தம்," என்றார். "வீட்டிலை நுளம்பு மாதிரியெல்லோ கேட்டது." பிறகு முற்றத்துப் பக்கம் தலையைத் திருப்பி, "அந்த எஞ்சினை ஒருக்கால் நிப்பாட்டச் சொல்லு தம்பி. வடிவாக் கேக்கட்டும்," என்றார்.

எஞ்சினை நிறுத்தினால் ரிவியும் நின்றுவிடும் என்று அங்கிருந்த சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒருவரும் சொல்லவில்லை. நான் எழும்பிப் போனேன். வயர் எட்டும்வரை எஞ்சினை வேலிக்கு அங்கால் தள்ளினேன், தடி நட்டேன், கிணற்றடியில் சாக்குகளை நனைத்துக் கொண்டுவந்து சுற்றிவரத் தொங்கவிட்டேன். உள்ளே திரும்பிவந்து அந்த இடத்தைப் போட்டேன். அம்மா ஸ்பீக்கரில் காதை வைத்தார். மண்ணெண்ணெய் முடியும்வரை அந்த இடம் மட்டும் ஓடியது. ஒவ்வொரு முறையும் நீ பொறுக்கச் சொன்னாய், பிசகினாய், திரும்பத் தொடங்கினாய்.

அந்தக் கசற் இப்போது உன் அம்மாவிடம் மாதாவின் படத்துக்குக் கீழே இருக்கிறது. திரும்பப் போட மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. எனக்கு வீடியோ தேவையுமில்லை. எந்த எஞ்சின் ஓடினாலும் அதற்குள் ஒரு கம்பி முறுகுவது கேட்கிறது, அந்தப் பிழைக்காகக் காத்துக்கொண்டிருக்கிறேன்.

பக்கத்து வளவில் இன்னும் ஜன்னலுக்குக் கீழேயே ஓடிக்கொண்டிருக்கிறது. பெடியள் ஒன்றும் கேட்காமல் படம் மட்டும் பார்க்கிறார்கள். எங்கள் கிணற்றடியில் மூன்று சாக்கு கிடக்கிறது. இதை இந்த அளவில் நிறுத்திவிட்டுப் போய் அவற்றை நனைக்கப்போகிறேன்.