மூன்றாவது முறை வராத சொல்

என்னங்க,

இன்று பாலிடெக்னிக் லேபில் ஹெட்போனைக் காதில் வைத்ததும் அதே இரைச்சல். பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக நானேதான் கூட்டி வைத்திருந்தேன். நம் வீட்டு அலமாரி மேலிருந்த வயர்லெஸ்ஸும் நீங்கள் பேசுவதற்கு முன்னால் இப்படித்தான் இரையும்.

கடலில் இருந்து எதையும் மூன்று முறை சொல்வது உங்கள் ஆட்களின் வழக்கம். “வலை ஏத்தியாச்சு, வலை ஏத்தியாச்சு, வலை ஏத்தியாச்சு.” கலியாணமான புதிதில் வீட்டிலும் அப்படித்தான் சோறு கேட்பீர்கள். “எனக்குக் காது நல்லாத்தாங்க கேக்குது” என்பேன். “காத்து ஒண்ண எடுத்துக்கிட்டாலும் ரெண்டு மிஞ்சும்ல” என்று சிரிப்பீர்கள்.

பாலிடெக்னிக்கில் நான் நடத்துவதும் அதுதான் என்றேன். ஒரே பிட்டை, ஒன்றோ பூஜ்யமோ, மூன்று முறை அனுப்ப வேண்டும். வழியில் ஒன்று கெட்டாலும், எது அதிகமோ அதுவே செய்தி. மாடுலேஷன் என்றால் என்னவென்று கேட்டீர்கள். அலை மேல் பேச்சை ஏற்றி விடுவது என்றேன். “நாங்களும் அலை மேல ஏறித்தானே போறோம்” என்றீர்கள்.

“கரையில இறக்கிக்கிற ஆள் இருக்கணுங்க. இல்லன்னா வெறும் இரைச்சல்தான்.”

“அதான் நீ இருக்கியே.”

அந்தப் பெருமையில் அன்று கருவாட்டுக் குழம்பைத் தீயவிட்டேன்.

பிறகு அந்தக் காலை. காற்று மாறி, போட்டுகள் ஒவ்வொன்றாகத் துறைமுகம் திரும்பிக்கொண்டிருந்தன. வயர்லெஸ்ஸில் உங்கள் குரல் வந்தது. “வந்துடுறேன், வந்துடுறேன்.” அதற்கப்புறம் இரைச்சல் மட்டும். போட்டும் கிடைக்கவில்லை, நீங்களும் கிடைக்கவில்லை. உடம்பில்லாமலே காரியம் செய்துவிடலாம் என்று ஊரில் சொன்னார்கள். உங்கள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒத்துக்கம்மா, அவன் போயிட்டான்” என்று அழுதார்கள். ஒத்துக்கொண்டேன். உங்கள் நீலச் சட்டையை வைத்துக் காரியம் நடந்தது. எனக்கு அழுகையை விட உங்கள் மேல் கோபம்தான் அதிகமாக வந்தது.

இன்று லேபில் ஒரு பெண் கேட்டாள், “மேடம், மூணாவது வரவே இல்லன்னா எப்படி முடிவு பண்றது?”

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

“வந்த ரெண்டும் ஒண்ணா இருந்தா, அதுதாம்மா செய்தி” என்றேன். சரியான பதில்தான். அவளும் எழுதிக்கொண்டாள்.

உங்கள் படத்துக்கு மாலை மாற்றுகிறவளும் நான்தான். ஆனால் நீங்கள் சொன்னது எனக்குப் பிழையில்லாமல் வந்து சேர்ந்ததுங்க. இன்னும் உங்களை வருகிறவராகத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.