தேவா வருவான் என்று சொன்னார்கள்

ஜனவரி 3, 2024, புதன்

இன்று சங்கரா மீன் நன்றாகப் போனது. பத்து மணிக்குள் கூடை காலி. மிச்சம் நின்ற நாலை வினிதா வறுத்தாள். எனக்கு இறங்கவில்லை.

தேவா கடலுக்குப் போய் நாற்பத்தெட்டு நாள். ஃபைபர் போட் கவிழ்ந்து, கூடப் போன லோகு நீந்திக் கரையேறினான். என் பையன் ஏறவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. கண்ணெதிரே முங்கிப் போனான் என்று லோகு சொல்கிறான். அவன் முழுசாகச் சொல்ல வந்தபோது நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

இந்த நோட்டு வினிதா கொடுத்தது. "பேச முடியலன்னா எழுது அத்த" என்றாள். நான் படித்தது ஐந்தாவது வரை. மருமகள் பன்னிரண்டு முடித்தவள்.

ஜனவரி 5, வெள்ளி

சபையில் புது வருடத்துக்கு எல்லோரும் வேத வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை ஆளுக்கொன்று எடுத்தோம். எனக்கு வந்தது எரேமியாவில் ஒரு வரி. அழாதே, உன் பிள்ளைகள் திரும்பி வருவார்கள் என்று.

தட்டில் இருநூறு அட்டை இருந்திருக்கும். என் கைக்கு ஏன் இது வரணும்?

ஜனவரி 12, வெள்ளி

மார்க்கெட்டில் பக்கத்தில் உட்கார்ந்து மீன் விற்கும் ஞானம்பாள் என்னைச் செங்கல்பட்டுக்குக் கூட்டிப் போனாள். அங்கே ஒரு மாடியில் ஜெப வீடு. அதை நடத்துகிறவருக்கு ஜாக்குலின் அம்மா என்று பெயர். வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டுதான் போகணுமாம், கட்டிக்கொண்டு போனேன்.

அந்தம்மா என் தலையில் கை வைத்ததும் எனக்கு உடம்பு ஆடியது. "உம் மகன் சாகலம்மா. வேத்து நாட்டுக் கப்பல் ஒண்ணு தூக்கிக்கினு போயிருக்கு. உயிர்த்தெழுந்த பண்டிகைக்குள்ள உன் வாசல்ல வந்து நிப்பான்" என்றார்.

அட்டையும் அதையேதான் சொல்கிறது. இனி வேறென்ன சாட்சி வேண்டும்? திரும்பும்போது திருக்கழுக்குன்றம் தாண்டும் வரைக்கும் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தேன் என்று ஞானம்பாள் சொல்கிறாள்.

ஜனவரி 14, ஞாயிறு

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் இன்னும் கங்கையம்மன் கோயிலுக்குப் போகிறவர்.

"ஏன்டி வச்சலா, நம்ம குப்பத்துப் பூசாரியாண்ட குறி கேட்டா பாவம்னு சொல்லித்தானே நீ சபையாண்ட போன? இப்ப இன்னா கேட்டுகினு வந்த? வெள்ள சேல கட்டிக்கினு கேட்டா அது குறி இல்லியா?"

"உனக்கு உன் பையன் வர்றது புடிக்கலியா?" என்று கத்திவிட்டேன். அந்த மனுஷன் வலையை இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முதுகு குலுங்கியது. நான் பார்க்காதது போல உள்ளே போய்விட்டேன்.

பிப்ரவரி 2, வெள்ளி

செங்கல்பட்டு. "வந்துகினு கீறான்" என்றார் ஜாக்குலின் அம்மா.

பிப்ரவரி 6, செவ்வாய்

லோகு எதிரே வந்தான். நான் வேறு தெருவில் திரும்பிவிட்டேன்.

மார்ச் 8, வெள்ளி

இன்று தேவா பேசினான்.

எப்படி எழுதுவது? ஜாக்குலின் அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். குரல் மாறியது. "எம்மா... பசிக்குதும்மா" என்று வந்தது. நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். என் பிள்ளை பசிக்குதுங்கிறான், எந்த ஊர்ல கீறானோ, யாரு சோறு போடுவாங்க, ஐயோ ஆண்டவரே—

வீட்டுக்கு வந்து வினிதாவிடம் சொன்னேன். அவள் சாயங்காலம் வாசிக்க வேதாகமத்தை எடுத்து வைத்திருந்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து ஆதியாகமத்தில் தொடங்கி தினம் ஒரு அதிகாரம் வாசிக்கிறாள். நான் மீன் வெட்டிக்கொண்டே கேட்பேன்.

புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். "உயிரோட கீறவரு எப்படி அத்த அந்தம்மா வாயில வந்து பேசுவாரு?"

நான் அடுப்படிக்கு எழுந்து போனேன். அந்த 'எம்மா' என் காதிலேயே இருக்கிறது. இன்னொரு வெள்ளிக்கிழமை வர எத்தனை நாள் இருக்கிறது.

மார்ச் 31, ஞாயிறு. உயிர்த்தெழுந்த பண்டிகை

காலையிலிருந்து வாசலில் உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறியது, இறங்கியது.

வரவில்லை.

ஏப்ரல் 5, வெள்ளி

நான் கேட்காமலேயே ஜாக்குலின் அம்மா சொன்னார். "உன் வூட்டுல ஒரு தடை கீது. சாகாதவனுக்குச் சாவு ஜெபம் கேட்டவ உள்ள இருந்தா அவன் எப்படி வருவான்? அவ வெளிய போவட்டும். ஏழாம் நாள் உம் மகன் உள்ள வருவான்."

போன மாதம் வினிதா போதகரிடம் தேவாவுக்கு நினைவு ஜெபம் வைக்கலாமா என்று கேட்டது உண்மை. அதை ஞானம்பாளிடம் சொல்லி அழுதது நான்தான்.

ஏப்ரல் 6, சனி

வினிதாவை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். வேடந்தாங்கல் பக்கம். பையை நானே கட்டினேன்.

அவள் சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பஸ் படியில் நின்றுகொண்டு, "அவரு வந்தா எனக்கு ஒரு போன் பண்ணு அத்த. நான் வெளிய இருந்துதான் அவரு வரணும்னா நான் வெளியவே இருந்துக்கறேன்" என்றாள்.

வீட்டுக்காரர் பாயை எடுத்துக்கொண்டு கரைக்குப் படுக்கப் போய்விட்டார்.

ஏப்ரல் 9, செவ்வாய்

வீட்டில் சத்தமே இல்லை. சாயங்காலம் வினிதா நிறுத்திய இடத்தில் எடுத்து நானே எழுத்துக் கூட்டி வாசித்தேன். சாமுவேலின் முதல் புத்தகம், இருபத்தெட்டாம் அதிகாரம். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது.

சவுல் ராஜா பயந்து கிடக்கிறான். அவனுக்கு வழி சொன்ன தீர்க்கதரிசி சாமுவேல் செத்துப் போனார். கர்த்தரும் பதில் சொல்லவில்லை. செத்தவனைப் பேச வைக்கிற ஒரு பொம்பளையைத் தேடி வேறு உடுப்பு போட்டுக்கொண்டு போகிறான். அந்த மாதிரி ஆட்களை நாட்டிலிருந்து துரத்தினவனே அவன்தான்.

வாசித்த விரல் அங்கேயே நின்றுவிட்டது. பூசாரி வேண்டாம் என்று வந்தவள்தானே நான்? நானும் உடுப்பு மாற்றிக்கொண்டுதானே போனேன்? அந்த ராஜா கெட்டவனாகத் தெரியவில்லை எனக்கு. பாவமாக இருந்தது. பதில் வராத வீட்டில் இருக்கிறவனுக்கு எந்தக் குரல் கேட்டாலும் போதும்.

ஏப்ரல் 12, வெள்ளி

ஏழாம் நாள். செங்கல்பட்டுக்குப் போகவில்லை. வாசலிலும் உட்காரவில்லை.

அட்டையில் இருந்த எண்ணை வைத்து எரேமியாவைத் தேடி எடுத்து, அந்த அதிகாரத்தை முழுசாக வாசித்தேன். எதிரி நாட்டுக்குச் சிறை பிடித்துப் போன ஒரு ஜனத்துக்குக் கர்த்தர் சொன்னது அது. என் தேவாவை யாரும் பிடித்துப் போகவில்லை. கிளி சீட்டு எடுக்கிற மாதிரி நான் ஒரு வரியை உருவி எடுத்திருக்கிறேன். வார்த்தை பொய் சொல்லவில்லை. நான்தான் அதைப் பொய் சொல்ல வைத்தேன்.

மோசேயின் புத்தகம் ஒன்றில் வினிதா வாசித்தது ஞாபகம் வந்தது. கர்த்தர் பேரில் ஒருத்தன் சொன்னது நடக்காவிட்டால் அதைக் கர்த்தர் சொல்லவில்லை, அவனுக்குப் பயப்பட வேண்டாம் என்று. அன்றைக்கு நான் ம் கொட்டிவிட்டு மீன் செதிளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் என் காதில் விழுந்ததுதான். உள்ளே விழவில்லை.

அப்படியென்றால் தேவா—

எழுத முடியவில்லை.

ஏப்ரல் 13, சனி

வினிதாவைக் கூட்டி வரப் போனேன். அவள் அம்மா என்னை வாசலிலேயே நிறுத்தினாள். "இன்னா சம்மந்தி, ஏரிக்கு வர்ற பறவகூட அதுவா நெனச்சாத்தான் வரும் போவும். நீ எம்பொண்ண நெனச்சா பஸ் ஏத்துவ, நெனச்சா எறக்குவியா?"

சொல்லட்டும். சொல்ல வேண்டியதுதான்.

வினிதா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "என்னை மன்னிச்சுக்கோமா" என்றேன். சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "மொதல்ல லோகு அண்ணன் சொல்றத முழுசா கேளு அத்த. நான் கேட்டுட்டேன். நீயும் கேட்டப்புறம் வரேன்."

ஏப்ரல் 16, செவ்வாய்

லோகுவைக் கூப்பிட்டு அனுப்பினேன். வீட்டுக்காரரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

லோகு சொன்னான். கவிழ்ந்த போட்டில் தேவாவுக்குத் தலையில் அடி. இவன் அவன் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்தபடியே வெகு நேரம் மிதந்திருக்கிறான். ஒரு அலை வந்து பிரித்துவிட்டது. "புடி விட்டுப்போச்சு பெரிம்மா. நான் விடல. விட்டுப்போச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

ஐந்து மாதமாக இந்தப் பிள்ளை என் தெருவில் தலை குனிந்து நடந்தது. நான் இவனைப் பொய்க்காரன் என்று பேசினேன். அவன் இரண்டு கையையும் எடுத்து என் முகத்தில் வைத்துக்கொண்டேன். என் பையனைக் கடைசியாகப் பிடித்திருந்த கை.

ஏப்ரல் 18, வியாழன்

வினிதா வந்துவிட்டாள்.

ஜூன் 9, ஞாயிறு

சபையில் தேவாவுக்கு நினைவு ஜெபம். பெட்டி இல்லை, குழி இல்லை. அவன் போட்டோ மட்டும். வீட்டுக்காரர் முதல் தடவை சபைக்குள் வந்தார், கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

போன மாதம் வீட்டில் தாவீது ராஜாவின் குழந்தை சாகிற இடம் வந்தது. குழந்தை உயிரோடு இருந்தவரைக்கும் தரையில் கிடந்து அழுதவர், செத்ததும் எழுந்து குளிக்கிறார். நான் அவனிடம் போவேன், அவன் என்னிடம் திரும்ப வர மாட்டான் என்கிறார். வினிதா அதோடு வாசிப்பதை நிறுத்தினாள். இன்னொரு தடவை வாசி என்றேன். வாசித்தாள்.

ஜூலை 5, வெள்ளி

மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது ஜாக்குலின் அம்மா போன் செய்தார். "உம் மகன் வந்து அழுவறான். அம்மா ஏன் வர மாட்டேங்குதுன்னு கேக்கறான். இன்னிக்கு வந்தா உன்னோட பேசுவான்."

பொய் எழுதக் கூடாது. எனக்குப் போகணும் போல இருந்தது. கையைக் கழுவிவிட்டு எழுந்துகூட நின்றுவிட்டேன். அந்த ஒரு 'எம்மா'வுக்காக எதையும் நம்பலாம் போல இருந்தது. பொய் என்று தெரிந்தே.

"அவன் வர மாட்டாம்மா. நாந்தான் அவனாண்ட போவணும்" என்றேன். வைத்துவிட்டேன்.

பிறகு வெகு நேரம் அழுதேன். வினிதா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பாதியில் நின்ற வஞ்சிரத்தைத் தன் பக்கம் இழுத்து வெட்டி முடித்தாள். சாயங்காலம் ஒரு அதிகாரம் வாசித்தாள், மொத்தமும் ஊர்ப் பேரும் ஆள் பேரும். அவளுக்கு நடுவில் கொட்டாவி வந்தது. நான் எதையும் கையில் வைத்துக்கொள்ளாமல் உட்கார்ந்து கேட்டேன்.